பரம்புப் பலகையும் டிராக்டர் பிளேடும்

பனி நாடுகளில் புல்வெட்டும் வண்டியின் முன்னால் தகடு மாட்டிப் பனியைத் தள்ளுவார்கள். எங்க குயிலாப்பாளையத்தில் ஏது பனி? செம்மண்தான். ஆனால் யோசனை நமக்குப் பழசு. சேற்று வயலில் உழுது முடித்ததும் ஏரைக் கழற்றி, அதே மாடுகளில் பரம்புப் பலகையைப் பூட்டிச் சமன் செய்வார்கள்.

டிராக்டர் வந்த புதிதில் இது சுலபமாக இல்லை. பின்னால் கட்டி இழுத்த கலப்பை கல்லில் சிக்கினால், வண்டியே பின்பக்கம் கவிழ்ந்து ஓட்டுநரைக் கொன்றதுண்டு. அயர்லாந்தின் ஹாரி பெர்குசன் 1926-ல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் ஏற்பாடும், அவருடைய மூன்று புள்ளி இணைப்பும் அந்த ஆபத்தைக் குறைத்தன. 1939-ல் போர்டு 9என் டிராக்டரில் அது பரவலானது. 1960-ல் மாசே பெர்குசன் கூட்டோடு சென்னையில் டாஃபே தொடங்கியது. இன்று கலப்பையைக் கழற்றி லெவலர் பிளேடு மாட்ட, மூன்று பின்கள்தான்!

காமர்ஸ் மாணவனான எனக்கு இது ஒரு முதலீட்டில் பல வேலை. அதைவிடப் பெரிய வரவு, ஓட்டுகிறவர் உயிர். சரிதானே?