சுந்தராம்பாள் நடித்த நந்தனார்: யாருடைய வாழ்க்கை வரலாறு?

2024-ல் 'பெட்டர் மேன்' என்று ஒரு படம் வந்தது. பிரிட்டிஷ் பாப் பாடகர் ராபி வில்லியம்ஸின் வாழ்க்கைக் கதை, இயக்கம் மைக்கேல் கிரேசி. படம் முழுக்க அந்தப் பாடகர் ஒரு சிம்பன்சியாக வருகிறார். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் சாதாரண மனிதர்கள், யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. "இப்படியெல்லாமா எடுப்பாங்க?" என்று கேட்கத் தோன்றும். நம்ம ஊரில் 1935-லேயே இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரு காரியம் நடந்திருக்கிறது. 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள்.

அன்றைய கணக்கில் 'பாப் ஸ்டார்' என்றால் அவர்தான். கொடுமுடியில் பிறந்து, சிறு வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கி, நாடக மேடைக்கு வந்தவர். இலங்கையில் நாடகம் போடப் போனபோது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்தார். அவர்கள் பேர் வாங்கிய நாடகங்களில் ஒன்று 'வள்ளி திருமணம்'. திருத்தணிக்காரனான எனக்கு அதைக் கடந்து போக முடியவில்லை. முருகன் வள்ளியை மணந்த மலை என்றுதான் எங்க ஊரைச் சொல்வோம். அந்தக் கதையில் முருகனாகவும் வள்ளியாகவும் பாடிய இருவரும் நிஜத்திலும் மணந்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சேர்ந்திருந்த காலமும் கொஞ்சம்தான். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதில் இறந்துபோனார்.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைக் கதர்ப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இந்த நிலையில்தான் தயாரிப்பாளர் அசன்தாஸ் வந்து கேட்கிறார். தட்டிக் கழிப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர் சரி என்று சொல்லிவிட்டார் என்றும் சொல்வார்கள்.

நந்தனார் வேடம் ஏன் பொருந்தியது என்பது இப்போது புரியும். அதில் காதல் கிடையாது, ஜோடி கிடையாது. கடவுளைப் பார்க்கத் தவிக்கும் ஒரே ஒரு ஆள், நிறையப் பாட்டு. அந்த முடிவை மீறாமல் அவர் திரைக்கு வரக் கிடைத்த கதவு அது. எதிரில் வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாதய்யர், பெரிய சங்கீத வித்வான்.

படம் ஓடவில்லை. ஆனந்த விகடனில் கல்கி கிழித்துத் தொங்கவிட்டார். மனிதர்களைவிடப் பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டல் செய்தார். 'பெட்டர் மேன்' படமும் வசூலில் படுத்துவிட்டது என்பது தற்செயல் ஒற்றுமை.

ஆனால் வித்தியாசம் முக்கியம். சிம்பன்சி முகம், பாடகர் தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை வெளியே காட்டப் போட்ட வேஷம். சுந்தராம்பாளின் நந்தனார் வேஷம் அவருடைய துக்கத்துக்கு ஒரு மறைவு கொடுத்தது. துக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். டிக்கெட் வாங்கியவர்களில் எத்தனை பேர் நந்தனைப் பார்க்கப் போனார்கள், எத்தனை பேர் கிட்டப்பாவை இழந்த சுந்தராம்பாளைப் பார்க்கப் போனார்கள்?

இதில் காணாமல் போனது நந்தன். பெரிய புராணத்தில் திருநாளைப்போவாரைத் தடுக்கும் வேதியப் பண்ணையாரே கிடையாது. அந்தப் பாத்திரத்தை 19-ம் நூற்றாண்டில் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அதனால்தான் பண்ணை அடிமையின் உழைப்பு, எஜமானிடம் உத்தரவு கேட்டு நிற்கும் அவமானம் எல்லாம் கதைக்குள் வந்தது. சினிமா வந்ததும் அதன்மேல் நட்சத்திரத்தின் குரல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்திலும் அப்படித்தான். அதில் ஆள் தண்டபாணி தேசிகர்.

பாடகர் வாழ்க்கையைப் படமாக்கினால் பாடகர் தப்பித்துவிடுவார். பாடகரை வைத்து இன்னொருவர் வாழ்க்கையைப் படமாக்கினால் அந்த இன்னொருவர் கதி என்ன? இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வருவது ஒரு லட்சம். அடுத்து கிட்டப்பா. சிதம்பரத்துக்குப் போக லீவு கேட்டு நின்ற ஆள் மூன்றாவதாகத்தான் வருகிறார்.