227க்கும் 250க்கும் இடையில்: பேராதனை அனுமதி பற்றிய ஒரு மறுவாசிப்பு

இலங்கையில் 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தலைப் பற்றி எழுதுவோர் சி. ஆர். டி சில்வாவின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடாமல் போவதில்லை. பேராதனையில் வரலாறு கற்பித்தவர் அவர். வசவும் மறுப்புமாக நடந்துகொண்டிருந்த வழக்கில் எண்களை மேசைமேல் வைத்தார். அந்தக் கடனை மறுப்பதற்கில்லை. ஆனால் 1970 முதல் 1975 வரையான அனுமதிகளைத் தலைப்பிலேயே ஒரே தொடராகக் கட்டினார். பின்வந்தோர் அத்தொடரைப் ‘பாகுபாடு’ என்றோ ‘பரிகாரம்’ என்றோ மொத்தமாகவே கொண்டார்கள். கண்டியிலிருந்து பார்த்தால் அது நடுவில் அறுகிறது.

முதலில், மொழிமூலவாரியாக வெட்டுப்புள்ளிகளைக் காட்டும் அட்டவணை. 400 புள்ளிகளுக்குப் பேராதனைப் பொறியியலில் சிங்கள மொழிமூலத்துக்கு 227, தமிழ் மொழிமூலத்துக்கு 250. மருத்துவம், பல் மருத்துவத்துக்கு 229, 250. பௌதிக விஞ்ஞானத்துக்கு 183, 204. கட்டடக்கலைக்கு 180, 194. உயிரியல் விஞ்ஞானத்துக்கு 175, 184. இதே அட்டவணை சில நூல்களில் 1970 என்றும் சிலவற்றில் 1971 என்றும் அச்சாகியிருக்கிறது. 1970/71 என்ற கல்வியாண்டை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்ததன் விளைவாக இருக்கலாம். நான் இரண்டையும் அப்படியே விடுகிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் நிரல்களின் தலைப்பு. மொழிமூலத்தைக் குறித்த நிரல்கள் பின்னைய பிரதிகள் சிலவற்றில் ‘சிங்களவர்’, ‘தமிழர்’ என இனமாகிவிட்டன. அக்குறணையிலோ கம்பளையிலோ தமிழில் படித்த முஸ்லிம் மாணவருக்கும் 250தான் வாசல் என்பது அதோடு மறைந்துபோனது. அன்றைய கல்வியமைச்சர் பதியுதீன் மஹ்மூத் கம்பளை சாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். தம் முஸ்லிம் சமூகத்துக்காகவே இப்படி வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார் என்ற பேச்சுக்கு இந்த ஆண்டின் அட்டவணையில் இடமில்லை.

இடைவெளிகளைக் கவனியுங்கள்: 23, 21, 21, 14, 9. தமிழ் விடைத்தாள்களுக்குப் புள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்ற அன்றைய புகாரை, விசாரணையில் நிலைக்கவில்லை என்று டி சில்வாவே ஒதுக்குகிறார். புகார் மெய்யாக இருந்து, அதை ஈடுசெய்யவே கழித்தார்கள் என்றால் பாடத்துக்குப் பாடம் கழிவு ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டாமா? பௌதிக விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் பரீட்சை எழுதியோர் பெரும்பாலும் ஒரே கூட்டம். அங்கேயே 21, 23 என்று வேறுபடுகிறது. ஆகவே துறைவாரியாக எத்தனை பேர் என்பது முன்பே முடிவாகி, கோடு பிறகு கீறப்பட்டது என்றே வாசிக்கிறேன். ஆவணமாக இதைக் காட்ட இயலாது. இடைவெளிகளின் ஒழுங்கின்மை ஒன்றே சான்று. பொறியியலுக்கு அன்று நாட்டிலிருந்த ஒரே பல்கலைக்கழகப் பீடம் பேராதனையில்தான் இருந்தது என்பதால், எண்ணை முன்கூட்டித் தீர்மானிக்கும் அழுத்தமும் அங்கேயே கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

நம்மிடம் புள்ளிகளே அச்சில் உள்ளன. அதனால் வழக்குத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை.

1973இன் தரப்படுத்தல், மொழிமூலவாரியாகப் புள்ளிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த கணக்கு. அதைக் கடந்துவிடலாம், தர்க்கம் பழையதே, உடைதான் புதிது. 1974இன் மாவட்ட ஒதுக்கீடு வேறு வகை. சனத்தொகைக்கு ஏற்ப இடம் என்றதும் யாழ்ப்பாணம் இழந்தது, கண்டி போன்ற மாவட்டங்கள் பெற்றன. கண்டியச் சிங்களவரின் ஆதாயத்தை டி சில்வா கவனிக்காமலில்லை. அவர் அழுத்தாதது அந்தச் சனத்தொகையின் உள்ளடக்கம். கண்டியிலும் நுவரெலியாவிலும் தலை எண்ணும்போது தோட்ட லயன் அறைகளில் இருந்த மலையகத் தமிழரும் எண்ணப்பட்டார்கள். அவர்களில் பலர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. தோட்டத்துப் பிள்ளைகளின் தலைகள் மாவட்டத்துக்கு இடம் சேர்த்தன; அந்த இடத்துக்குப் போட்டியிட உயர்தர வகுப்பு அவர்களுக்கு எட்டவில்லை. 1970/71இல் தமிழ் மொழிமூலம் என்பதால் யாழ்ப்பாணத்தோடு ஒரே பக்கம் நின்றவர்கள், 1974இல் ஆதாயம் பெற்ற மாவட்டத்தின் கணக்கில் வெறும் தலைகளாகச் சேர்ந்தார்கள்.

பொறியியலில் தமிழரின் பங்கு 1973இல் 24.4 வீதம், அடுத்த ஆண்டு 16.3 வீதம். பலரும் எடுத்தாளும் இந்த வீழ்ச்சியில் மலையகத் தமிழருக்குத் தனி நிரல் இல்லை. மாவட்டம், மொழிமூலம், இனம் மூன்றையும் ஒருசேரக் காட்டும் அட்டவணை கையில் வரும்வரை, கண்டிக்குக் கூடிய இடங்களில் தோட்டத்துக்குப் போனது எத்தனை என்று டி சில்வாவின் எண்களைக் கொண்டு சொல்ல இயலாது. என் வாசிப்பைக் கொண்டும் இயலாது.