பேஸ்மட்டம்

ஆங்கிலத்தில் பேஸ்மென்ட் என்றால் தரைக்குக் கீழே இருக்கும் தளம். தாம்பரத்தில் அது தரைக்கு மேலே இருக்கிறது. "பேஸ்மட்டம் எவ்ளோ தூக்கப் போறீங்க?" என்று மேஸ்திரி கேட்டால், தெருவிலிருந்து வீட்டுத் தரையை எத்தனை அடி உயர்த்தப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஏதோ ஒரு காலத்தில், யாரோ ஒரு கொத்தனார் வாயில் 'மென்ட்' என்பது 'மட்டம்' ஆகியிருக்கிறது. மூலத்தைவிடப் பொருத்தமான சொல். திருத்த வேண்டாம்.

வீடு கட்டும்போது அக்கம்பக்கத்தில் சண்டை வராமல் இருக்காது. தெருவை அடைத்து மணல் கொட்டுவது, காலை ஆறு மணிக்கே மிக்ஸர் ஓட்டுவது, அவர்கள் வீட்டு மாடிக் கொடியில் காயும் துணியில் சிமென்ட் தூசி படிவது. இதெல்லாம் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு தீர்ந்துவிடும். தீராத சண்டை ஒன்றுதான். என் மனையை மூன்றடி ஏற்றினால், இதுவரை அங்கே தேங்கி ஊறிய மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். அவர் அடுத்த முறை நான்கடி ஏற்றுவார். எதிர்வீட்டில் புது வீடு எழும்பும்போது ஐந்தடி. எங்கள் முடிச்சூர் பக்கத்தில் ஒரு தெருவை நெடுக நடந்தால், எந்த வீடு எந்த ஆண்டு கட்டியது என்பதை வாசல் படிக்கட்டை எண்ணியே ஓரளவு சொல்லிவிடலாம்.

இந்தச் சண்டையில் பத்திரத்தை எடுத்துப் பார்த்துப் பயனில்லை. சக்குபந்தியில் வடக்கே யார், தெற்கே எது என்று நான்கு பக்கமும் எழுதியிருக்கும். கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்றும் இருக்கும். பழைய பத்திரமாக இருந்தால் நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று பூமிக்குள் கிடக்கும் புதையல்வரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். இல்லாதது உயரம் மட்டும்தான். நாம் வாங்குவது ஒரு காகிதத் தளம். சண்டை போடுவது மூன்றாவது பரிமாணத்தில்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. இந்தப் பகுதியே மட்டத்தின் மேல் கட்டிய ஊர். சேலையூர், செம்பாக்கம், பீர்க்கன்காரணை, பெருங்களத்தூர் என்று எந்தப் பெயரைச் சொன்னாலும் அதோடு ஓர் ஏரி ஒட்டிக்கொண்டு வரும். மேலே உள்ள ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும். கலங்கலின் உயரம்தான் ஏரியின் கொள்ளளவு. அது ஓர் அடி கூடினால் நீர்ப்பிடிப்பு ஓரத்து நிலங்கள் முழுகும். ஓர் அடி குறைந்தால் ஆயக்கட்டின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. பழைய கலங்கல்கள் பலவற்றில் மேலே வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். பெருமழைக்கால அபாயம் நீங்கியபின், அவற்றின் நடுவே மண்ணும் புல்லும் வைத்து அடைத்து இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்கிக்கொள்ளலாம். எப்போது அடைப்பது, எப்போது பிடுங்குவது என்பதில் நிச்சயம் அடிதடி நடந்திருக்கும். ஆனால் தகராறு எந்த உயரத்தைப் பற்றியது என்பதை எல்லோருக்கும் காட்ட ஒரு கல் இருந்தது.

இங்கிருந்து தெற்கே உள்ள உத்திரமேரூரில், 919, 921 ஆண்டுகளின் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. குடவோலைக்காக அதைப் பள்ளியில் படித்திருப்போம். நான் நின்று படித்தது ஒரு தகுதியை: சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராக இருக்க வேண்டும். நிலமும் சாஸ்திரப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களுக்கான சபை அது. அதை ஜனநாயகத்தின் தொட்டில் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இருந்தாலும், வீடு கட்டியவன் தலையிலேயே ஏரிப் பொறுப்பையும் வைத்த அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-இல் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடியேறியது. பிறகு வரப்புகள் மெல்ல மெல்ல மனைக்கற்கள் ஆயின. லேஅவுட் போட்டவர்கள் முப்பது அடி, இருபது அடி என்று ரோடு பிரித்தார்கள். வயல் எந்தப் பக்கம் சரிந்திருந்தது என்பதை வரைபடத்தில் எழுத யாருக்கும் தோன்றவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவையே அளந்த பெரும் முக்கோண அளவையின் அடிக்கோடு நம் பக்கத்தில்தான் போடப்பட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் ஏழரை மைலை நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் சங்கிலி எவ்வளவு நீளும், கடல் மட்டத்துக்குக் குறைத்தால் எவ்வளவு வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டார்கள். அதே தடத்தில் இன்று ஒரு தெருவின் உயரம் என்ன என்று கேட்டால், "எதிர்வீட்டைவிட அரையடி கூட" என்பதே பதில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-இன் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகள் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவை. வரைந்தவர் விட்லி ஸ்டோக்ஸ். அயர்லாந்துக்காரர், பழைய ஐரிஷ் மொழி அறிஞர், சென்னையில் வக்கீலாக இருந்தவர். அதன் 7-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டு ஒன்று: மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் நீர், அடுத்துள்ள பள்ள நிலத்துக்கு இயல்பாக ஓடுவதைப் பள்ளத்துக்காரர் விட்டுக்கொடுக்க வேண்டும். முதல் தடவை படித்தபோது, மண் அடித்தவன் பக்கம் சட்டம் நிற்கிறது என்றே எனக்குத் தோன்றியது. மறுபடி படித்தால் எல்லாம் 'இயல்பாக' என்ற சொல்லில் தொங்குகிறது. நாற்பது லோடு சவுடும் ரப்பீஸும் கொட்டி மேடான மனை எந்தக் கணக்கில் இயல்பான மேடு?

ரோமானியர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மழைநீரைத் தடுப்பதற்கென்றே அவர்களிடம் ஒரு வழக்கு வகை இருந்தது. அதன் வேர் பன்னிரண்டு பலகைச் சட்டம்வரை போகிறது. பக்கத்து நிலத்துக்காரர் கையால் செய்த வேலையால் நீரின் போக்கு மாறி உன் நிலத்துக்குக் கேடு வந்தால் நீ வழக்காடலாம். தானாக வந்த நீருக்கு வழக்கு இல்லை. வயல்களுக்காக எழுந்த விதிதான். நம் மனைகளும் முந்தாநாள் வயல்கள்தானே.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை தாண்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு ஓடியது. அதற்குப் பிறகு 'பேஸ்மட்டம்' எங்கள் பக்கத்தில் ஆசை சம்பந்தப்பட்ட சொல்லாக இல்லை, பயம் சம்பந்தப்பட்ட சொல்லாகிவிட்டது. ஹரியானாவிலிருந்து வரும் ஆட்கள் கட்டிய வீட்டையே தூக்கிக் கொடுக்கிறார்கள். சுவரடியில் பகுதி பகுதியாக உடைத்து நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுகிறார்கள். வீடு நாலடி ஏறியதும் அடியில் புதிதாகக் கட்டி மூடுகிறார்கள். பொறியியல் படித்தவனாக எனக்கு அது பிரமிப்பு. ஆனால் தூக்க வசதி இல்லாத பக்கத்து வீட்டில், அந்த வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் தான் கீழே இறங்குவதாகவே உணர்வார்கள். அது பிரமை அல்ல, வெறும் சார்பியல். அவர்கள் வீடு அசையவில்லை, சுற்றியுள்ள எல்லாம் உயர்கிறது.

ரோடும் சேர்ந்து உயர்கிறது. பழைய தாரின் மேலேயே புதுத் தார், அதன் மேல் கான்கிரீட். 2021-இல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று அறிவுறுத்தினார். சரியான உத்தரவு. என்னைக் கேட்டால், மண் அடிக்கும் வீட்டுக்காரர்கள் மேல் காட்டும் கோபத்தில் பாதியை இந்தத் தார் அடுக்கின் மேல் காட்டலாம். மனிதர்கள் ரோட்டைப் பார்த்துத்தான் வீட்டை ஏற்றுகிறார்கள்.

நாங்கள் கட்டும்போது பக்கத்து வீட்டு சார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வானம் தோண்டிய அன்றே வந்துவிட்டார். "தம்பி, எவ்ளோ ஏத்துவீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. அப்பறம் பேசினா மனசு கெட்டுப்போவும்." மேஸ்திரி தண்ணி டியூபை எடுத்தார். ஒரு முனை எங்கள் மனையில், மறு முனை அவர் வாசலில். கண்ணாடிபோன்ற டியூபில் நீர் ஆடி நின்றதும், அவர் வீட்டுத் தரை எங்கள் மனையைவிட எத்தனை அங்குலம் உயரம் என்று மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். வாக்குவாதம் அதிகம் இல்லை, அளவு கண்ணெதிரே இருந்தது. அவர் தரையைவிட நான்கு அங்குலம் மட்டும் கூட்டுவது, எங்கள் மனையைச் சுற்றி மண்ணை ஏற்றாமல் வீட்டை மட்டும் ஏற்றுவது, அவர் சுவரோரம் சின்னதாக ஒரு வாய்க்கால் விட்டு மழை நீரைத் தெருவுக்குக் கொண்டுபோவது என்று முடிவானது. வாய்க்காலில் எங்கள் பக்கம் ஒன்பது அங்குலம் போனது. அப்பாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம்.

சார் அத்தோடு விடவில்லை. பெயின்ட் டப்பாவோடு வந்து, தெருமுனை மின்கம்பத்தில் டியூப் காட்டிய மட்டத்தில் நீலத்தில் ஒரு கோடு போட்டார். "இனிமே யார் கட்டினாலும் இதுலேர்ந்து அளக்கட்டும்." அதன் பிறகு தெருவில் கட்டிய இரண்டு வீட்டுக்காரர்களும் அங்கிருந்துதான் அளந்தார்கள். அன்று கோட்டிலிருந்து ரோடு மூன்றடி கீழே இருந்தது. கான்கிரீட் போட்டபின் அளந்தோம். இரண்டடி நான்கு அங்குலம்.