ஓயாத மிதி

சிறுபிள்ளை ஒன்று முச்சில்லு வண்டியில் ஏறிச் சரிவான முற்றத்தில் இறங்கும் காட்சியைக் காணாதவர் இலர். வண்டி விரையுந்தோறும் மிதிகளும் விரைகின்றன. அவற்றுக்கு ஈடுகொடுக்க மாட்டாத பிள்ளை கால்களை இருபுறமும் விரித்துக்கொண்டு கூச்சலிடுகின்றது. சில்லும் மிதியும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே அதற்குக் காரணம். துவிச்சக்கர வண்டியின் வரலாறும் அப்பிணைப்பிலிருந்தே தொடங்குகின்றது.

1870ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியத் தெருக்களில் உலாவிய உயர்சில்லு வண்டிகளில், மிதிகள் முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பார் றோவர் என்னும் வண்டியை உருவாக்கினார். இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவாகி, சங்கிலியொன்று பின்சில்லை இழுக்கும் இன்றைய அமைப்பு அதனாலேயே நிலைபெற்றது. எனினும் பின்சில்லின் பல்வளையம் அச்சில்லோடு இறுகப் பிணைந்தே இருந்தது. சில்லு சுழலும்வரை மிதியும் சுழலும். ஆகவே, பள்ளத்தில் இறங்குங்கால் கால்களைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கென முன்கவையில் சிறு தாங்கிகளை அமைத்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரீவீல் பரவலாயிற்று. மிதியாமலே வண்டி உருண்டோடும் இன்பம் மக்களுக்குக் கிட்டியது. அத்துடன் பழைய நிலைச்சில்லு வண்டி அருங்காட்சியகத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால், அது சேரவில்லை. ஏன்?

நிலைச்சில்லு வண்டியில் ஓட்டுபவன் இளைப்பாற முடியாது. அக்குறையே அதன் கவர்ச்சியுமாகும். மிதி மேலும் கீழும் நிற்கும் வலுவற்ற நிலைகளில், ஓடும் வண்டியின் உந்துதலே காலைச் சுமந்து அப்பால் கொண்டுசெல்கின்றது. காலைப் பின்னோக்கி அழுத்தினால் வண்டி தளர்கின்றது. முன்னோக்கி அழுத்தினால் எழுகின்றது. தெருவின் ஒவ்வோர் ஏற்றமும் எதிர்க்காற்றும் உடனுக்குடன் காலுக்கு வந்து சேர்கின்றன. வண்டி தன்னைச் சுமந்து செல்வதாக ஓட்டுபவன் எண்ணுவதில்லை. தானும் அதன் உறுப்புகளுள் ஒன்று என்றே உணர்கின்றான்.

இங்கிலாந்தின் சைக்கிள் கழகத்தினர் குளிர்காலம் முழுவதும் இத்தகைய வண்டியையே ஓட்டித் தம் கால்களைப் பழக்கினர். 1956இல் ரே பூட்டி என்னும் ஓட்டவீரர், நூறு மைல் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் ஓடி முடித்த முதல்வர் என்னும் புகழைப் பெற்றபோது, அவர் ஏறியிருந்ததும் நிலைச்சில்லு வண்டியே. அவர் எடுத்த நேரம் 3 மணி 58 நிமிடம் 28 விநாடி.

இந்த வண்டியின் மீது கொண்ட பற்று பிடிவாதமாகவும் மாறியதுண்டு. பிரான்சிலே ஆன்றி தெகிரான்ஜ் என்பவர் 1893இல் பாரிஸ் நகரின் ஓட்டத்தளத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீற்றர் ஓடிச் சாதனை நிறுவியவர். பின்னர் பத்திரிகை ஆசிரியராகி, 1903இல் தூர் த பிரான்ஸ் என்னும் நாடுசுற்றும் பந்தயத்தைத் தொடக்கினார். தசையின் வலிமையே வெற்றியைத் தீர்மானிக்க வேண்டும், பல கியர் அமைப்பு முதியோர்க்கே உரியது என்பது அவர் கொள்கை. அதற்கு மாறாக, வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதிய போல் த விவி, மலைப்பாதைகளுக்குக் கியர் மாற்றும் வண்டியே ஏற்றது என்று அயராது வாதாடினார். 1902இல் பிரான்சின் சுற்றுலாக் கழகம் பிரெனே மலைத்தொடரிலே வண்டிகளைச் சோதித்தபோது, மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி கியர் மாற்றும் வண்டியில் தூர்மலே கணவாயை ஏறிக் காட்டினார்.

தெகிரான்ஜ் மனம் மாறவில்லை. அவருடைய பந்தயத்திலே வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, மறுபக்கத்துப் பல்வளையத்தைச் சங்கிலிக்குத் தந்து ஏற வேண்டியிருந்தது. அவர் பொறுப்பைக் கைவிட்ட பின்னரே, 1937இல், சங்கிலியை இடம் மாற்றும் கியர் அப்பந்தயத்தில் எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்டது.

எளிய வண்டி உடலையும் உள்ளத்தையும் பண்படுத்தும் என்று அவர் கண்டது பொய்யன்று. அதனைப் பிறர்மீது விதியாகச் சுமத்தியதே பிழை. விதியாக நின்ற இடத்தில் அது தோற்றது. விரும்பி ஏற்ற இடத்திலோ இன்றும் நிலைத்திருக்கின்றது.

ஓட்டத்தளங்களில் பிரேக்கோ பிரீவீலோ இல்லாத வண்டிகளே ஓடுகின்றன. எவரும் சட்டென நிறுத்த இயலாமையே அங்கு நெருங்கி ஓடும் அனைவர்க்கும் காப்பாகின்றது. 1972இல் மெக்சிக்கோ நகரிலே பெல்ஜிய வீரர் எடி மேர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடினார். மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 8 மீற்றர் சென்றது. அவ்வாறாயின் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள், அவற்றுள் ஒன்றிலேனும் ஓய்வில்லை. யப்பானில் 1948இல் கொக்குரா நகரிலே தொடங்கிய கெய்ரின் பந்தயமும் இவ்வண்டியைக் கொண்டே நடைபெறுகின்றது. நியூயோர்க்கின் கடிதச் சேவகர் சிலர், பழுதாகும் உறுப்புகள் குறைவு என்பதற்காக இதனைத் தெருவுக்குக் கொண்டு வந்தனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நகரங்களின் இளைஞர் அவர்களைப் பின்பற்றினர்.

தெரு, ஓட்டத்தளம் அன்று. எதிரே சிறுவன் ஓடி வந்தால் காலின் வலிமை மட்டும் போதாது. பிரித்தானியச் சட்டம் நிலைச்சில்லை ஒரு பிரேக்காக ஏற்றுக்கொண்டபோதும், முன்சில்லுக்குத் தனியாக ஒரு பிரேக்கு வேண்டும் என்று விதித்துள்ளமை இதனாலேயே. தன் உழைப்பைக் கூட்டிக்கொள்ள ஓட்டுபவனுக்கு உரிமை உண்டு. பிறர் உயிருக்கு ஊறு தேட உரிமை இல்லை.

முச்சில்லு வண்டியிலே கால்களை விரித்த பிள்ளை வளர்ந்ததும் அவ்வண்டியை மறந்துவிடுகின்றது. நிலைச்சில்லு வண்டியில் ஏறுபவனோ அந்தப் பழைய பிணைப்பைத் தேடி மீள்கின்றான். இம்முறை அவன் கால்கள் மிதியை விட்டு விலகுவதில்லை.