மேலைத் திரைப்படங்களில் தக்கர்

வழிப்போக்கரோடு கூடிப் பழகி, தக்க சமயத்தில் கைக்குட்டையால் கழுத்தை இறுக்கிக் கொன்று கொள்ளையடித்தவர்கள் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த வட இந்தியக் கூட்டத்தார் தக்கர். 1830களில் இவர்களை ஒழிக்கும் பணியை முன்னின்று நடத்திய கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன் பெரிதும் நம்பியது, அப்ரூவராக மாறிய கைதிகளின் வாக்குமூலங்களை. காளிக்காகக் கொலைசெய்யும் சமயக்குழு என்ற சித்திரம் அங்கேதான் உருப்பெற்றது; அதில் எவ்வளவு உண்மை என்பது பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் பிணக்கு உண்டு. பிலிப் மெடோஸ் டெய்லரின் நாவல் (1839) அதை இங்கிலாந்து வாசகரிடம் கொண்டுசேர்த்தது. சினிமா வந்தபோது தக்கன் தயாராகவே இருந்தான்.

ஜார்ஜ் ஸ்டீவன்ஸின் 'கங்கா தின்' (1939) கிப்ளிங்கின் கவிதையைச் சாக்காக வைத்து எடுக்கப்பட்டது. கவிதையில் இருப்பவன் படைக்குத் தண்ணீர் சுமப்பவன். தக்கரும் காளி கோயிலும் ஹாலிவுட்டின் சேர்க்கை. கலிபோர்னியாவின் லோன் பைன் மலைகளே வடமேற்கு எல்லைப்புறமாயின. சாம் ஜாஃபே முகத்தில் கருமை பூசி இந்தியரானார். ஸ்பீல்பெர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' (1984) இதன் நேர் வாரிசு. திரைக்கதையை மாற்றும்படி இந்திய அரசு கேட்டதால் படப்பிடிப்பு கண்டிப் பக்கம் போனது. விளைவாக, படத்தின் இந்தியக் கிராமத்தார் பேசுவது சிங்களம்! கைக்குட்டைக்குப் பதில் உயிரோடு இதயத்தைப் பிடுங்கும் சடங்கு. அரண்மனை விருந்தில் வண்டும் குரங்கு மூளையும். ஸ்லீமனின் கோப்பில்கூட இவை கிடையா. மாறாதது ஒன்றுதான்: கடைசியில் ஆங்கிலேய அதிகாரியின் தலைமையில் படை வந்து காப்பாற்றுகிறது. இந்தியா விடுதலை பெற்று 37 ஆண்டுகளுக்குப் பிறகும் கதையை முடிக்க அந்தப் படை தேவைப்பட்டது என்பதே, இப்படங்கள் ஊரைப் பாராமல் ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை என்பதற்குச் சான்று.

வெறும் கேளிக்கைப் படத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். கேளிக்கை என்பதால்தான் யாரும் சரிபார்ப்பதில்லை. பூசாரி மோலா ராமாக நடித்த அம்ரிஷ் பூரியின் வாதம் இதைவிடக் கூர்மையானது: நம் படங்களிலும் இதையே செய்கிறோம், வெளிநாட்டார் செய்தால் மட்டும் குமுறுகிறோம் என்றார் அவர். பாதி சரி. நம் சினிமாவிலும் கொடிய மந்திரவாதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களைச் சுற்றி ஆசிரியர், டாக்டர், காதலன், கடன்காரன் என நூறு பாத்திரங்கள் உலவுவதால் எந்த ரசிகரும் மந்திரவாதியை ஊருக்கே அடையாளமாகக் கொள்வதில்லை. 1984இல் ஓஹையோவில் டிக்கெட் வாங்கிய சிறுவனுக்கு அந்த நூறு பேரைக் காட்ட வேறு படம் அநேகமாக இல்லை.