யாத்ரிகரும் ஊரும் – மேல்கோட்டை

சென்ற பங்குனியில் வைரமுடி சேவைக்காகக் குடும்பத்துடன் மேல்கோட்டை சென்றிருந்தேன். மைசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம்; மண்டியா மாவட்டம். நம் பெரியவர்கள் திருநாராயணபுரம் என்று சொல்லும் க்ஷேத்திரம்.

12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ ராமானுஜர் இங்கு எழுந்தருளி, ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கியதாகக் குருபரம்பரை கூறும். கோயில் கைங்கர்யங்களை ஐம்பத்திருவர் என்னும் 52 பேரிடம் ஒப்படைத்தார் என்பது ஐதிகம். திருக்குலத்தார் என்று அவர் பெயரிட்டவர்களுக்கும் உற்சவத்தில் ஆலயப் பிரவேச உரிமை அளித்தார். பின்னாளில் மைசூர் மன்னர் ராஜ உடையார் ராஜமுடியையும், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் கிருஷ்ணராஜமுடியையும் செல்வப்பிள்ளைக்குச் சமர்ப்பித்தனர். இன்றும் மண்டியா கருவூலத்திலிருந்து வைரமுடி புறப்பட்டால், வழிநெடுக கிராமத்தார் பூஜை செய்து அனுப்புகிறார்கள். உற்சவம் கோயிலுக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரம் முழுமைக்கும் சொந்தம்.

உள்ளூர் மக்களே நடத்தி, அதன் பலனை அவர்களே அடையும் சுற்றுலா என்று இப்போது புதிதாகப் பேசுகிறார்கள். சிறுவயதில் நான் கண்ட மேல்கோட்டை அதுதான். அக்ரஹாரத்தில் ஒரு வீட்டில்தான் தங்குவோம். திண்ணையில் படுக்கை, கல்யாணியில் ஸ்நானம், மந்தாரை இலையில் புளியோதரை. புறப்படும்போது என் தகப்பனார் வெற்றிலைபாக்குடன் சம்பாவனை வைப்பார். நெசவாளரிடம் வேஷ்டி, பூக்காரியிடம் மாலை என்று கொண்டுபோன பணம் அந்த ஊரிலேயே தங்கும்.

இம்முறை அந்த வீடு பூட்டிக் கிடந்தது. வந்தவர்களில் பலர் கல்யாணிப் படிகளில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, நரசிம்மர் மலை ஏறி இறங்கி, மாலைக்குள் கிளம்பிவிட்டார்கள். படிக்கட்டில் எஞ்சியவை பிளாஸ்டிக் பாட்டில்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் நாம்தானே!

நம்பிக்கை தரும் விஷயமும் உண்டு. காந்தியவாதி சுரேந்திர கௌலகி 1960-ல் இங்கு தொடங்கிய ஜனபத சேவா டிரஸ்ட், கைத்தறி மூலம் உள்ளூர் மக்களுக்கு ஜீவனோபாயம் தேடித் தந்தது. உடையவர் காட்டிய வழியில் ஊர் என்றால் அக்ரஹாரம் மட்டும் அல்ல. நெசவாளரும் திருக்குலத்தாரும் வண்டிக்காரரும் சேர்ந்ததே ஊர்.

அங்கத்தினர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். உள்ளூர்க்காரர் கையால் சாப்பிடுங்கள். ஒரு ஜோடி கைத்தறி வேஷ்டி வாங்குங்கள். பூர்வீக வீடு உள்ளவர்கள் அதை விற்றுவிடாமல், யாத்ரிகர் தங்கத் திறந்து வையுங்கள். திண்ணையில் விளக்கு எரிந்தால்தான் அது ஊர்.