ஜவகல் ஸ்ரீநாத்: 'மைசூர் எக்ஸ்பிரஸ்' கடந்து வந்த பாதையும் சாதனைகளும்

மைசூரு: ஒருநாள் சர்வதேசப் போட்டிகளில் இந்திய வேகப்பந்து வீச்சாளர்களில் மிக அதிக விக்கெட்டுகளை வீழ்த்தியவர் என்ற சாதனை, மைசூருவைச் சேர்ந்த ஜவகல் ஸ்ரீநாத்தின் வசமே உள்ளது. 229 போட்டிகளில் அவர் 315 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார்.

தொடக்கம்

1969 ஆகஸ்ட் 31-ம் தேதி மைசூருவில் பிறந்த ஸ்ரீநாத், அங்குள்ள ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பொறியியல் கல்லூரியில் பயின்றவர். 1991-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பிரிஸ்பேனில் தனது முதல் டெஸ்ட் போட்டியில் களமிறங்கினார். எனினும், சொந்த மண்ணில் டெஸ்ட் விளையாடும் வாய்ப்பு, கபில் தேவ் ஓய்வு பெற்ற 1994-ம் ஆண்டில்தான் கிடைத்தது.

முக்கியப் பந்துவீச்சுகள்

* 1996, ஆமதாபாத்: 170 ரன் இலக்குடன் ஆடிய தென்னாப்பிரிக்கா 105 ரன்களில் சுருண்டது. ஸ்ரீநாத் 21 ரன்கள் கொடுத்து 6 விக்கெட் வீழ்த்தினார்.
* 1999, கொல்கத்தா: பாகிஸ்தானுக்கு எதிராக 132 ரன்களுக்கு 13 விக்கெட். ஆனாலும் இந்தியா 46 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது.
* உலகக் கோப்பை: 1992 முதல் 2003 வரை நான்கு தொடர்களில் 44 விக்கெட்.

எண்கள் சொல்வது என்ன?

67 டெஸ்ட் போட்டிகளில் 236 விக்கெட்டுகளை 30.49 சராசரியில் அவர் வீழ்த்தினார். வேகத்துக்கு உதவாதவை எனக் கருதப்பட்ட இந்திய ஆடுகளங்களில் அவரது சராசரி 26.61, வெளிநாடுகளிலோ 33.76. சராசரி குறைவாக இருப்பதே பந்துவீச்சாளருக்குச் சிறப்பு. பந்தை உள்நோக்கித் திருப்பி ஸ்டம்புகளைக் குறிவைத்த அவரது பாணிக்கு, எழும்பாத இந்திய ஆடுகளங்கள் கைகொடுத்தன.

சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தரவரிசை, வீரர்களுக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள் வரை வழங்குகிறது. வலுவான பேட்டரை ஆட்டமிழக்கச் செய்தால் கூடுதல் மதிப்பு கிடைக்கும். போட்டிகளைத் தவறவிட்டால் புள்ளிகள் குறையும். இதனால் காயம் எந்த வேகப்பந்து வீச்சாளருக்கும் இரட்டை இழப்பாகிறது. 1997-ல் தோள்பட்டைக் காயத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஸ்ரீநாத், அதன் பின்னரே கொல்கத்தாவில் 13 விக்கெட்டுகளை எடுத்தார்.

பேட்டிங்கிலும் பங்கு

1996-ல் பெங்களூருவில் நடைபெற்ற டைட்டன் கோப்பைப் போட்டியில், அனில் கும்ப்ளேவுடன் ஆட்டமிழக்காமல் 9-வது விக்கெட்டுக்கு 52 ரன்கள் சேர்த்து ஆஸ்திரேலியாவை வீழ்த்த உதவினார்.

ஓய்வுக்குப் பின்

2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியே அவரது கடைசி சர்வதேச ஆட்டமாகும். 2006 முதல் சர்வதேசப் போட்டிகளின் நடுவராக (மேட்ச் ரெஃப்ரி) பணியாற்றி வருகிறார். கும்ப்ளே தலைவராக இருந்தபோது, கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கச் செயலாளராகவும் பொறுப்பு வகித்தார்.